துறைமுகம் நோக்கிய அம்பு

அந்த வீட்டை அளக்க வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்தபோது என் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். வயது பதினொன்று.

நகரத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. எங்கே என்று வானொலி பிறகுதான் சொன்னது. முதலில் வந்தது சத்தமல்ல, தரை ஒருமுறை விக்கியது போன்ற ஓர் அசைவு. பிறகு சத்தம். பிறகு மேல்மாடியில் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. கடைசியாக, எங்கள் நடு அறைச் சுவரிலிருந்து ஒரு பாயளவு சாந்து கழன்று, அதன் அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த என்மேல் கொட்டியது.

அந்தக் காலத்தில் கொழும்பில் குண்டுச் சத்தம் கேட்டால் எல்லா வீடுகளிலும் முதலில் நடப்பது ஒன்றுதான். யார் யார் எங்கே என்று தலை எண்ணுவார்கள். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க். அம்மா வெறுங்காலோடு மாடிப்படி ஏறி, தொலைபேசி வைத்திருந்த மேல்வீட்டு அன்ரியிடம் ஓடினார். லைன் கிடைக்காமல் திரும்பி வந்தபோதும் நான் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. சாந்து உதிர்ந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரின் இடது பாதியில் ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில் பெரிய கற்கள், துருப்பிடித்த நிறத்தில், உடம்பெல்லாம் ஓட்டையாக. வலது பாதியில் சின்னச் சின்னச் செங்கற்கள், வரிசை பிசகாமல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு கோடு, சட்டையில் தையல் ஓடுவதுபோல.

"அம்மா, இது ஒரு வீடில்லை. ரெண்டு வீடு."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். உடனே கட்டிப் பிடித்தார். அப்பா நடந்தே வீடு வந்து சேரும்வரை இந்த இரண்டையும் மாறி மாறிச் செய்தார்.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தை நோக்கிச் சரியும் ஒரு தெருவில் அந்த வீடு இருந்தது, இன்னும் இருக்கிறது. தெருவில் இருந்து பார்த்தால் மேலே தொங்கும் மரப் பல்கனிதான் முதலில் தெரியும். அதன் விளிம்பில் லேஸ் போலக் குடைந்த பலகை, பாதி உளுத்திருந்தது. கீழே இரண்டு ஆள் உயரக் கதவு. கதவுக்கு மேலே அரைவட்டத்தில் மரத்தால் செய்த ஒரு விசிறி; அதன் இடுக்குகளால் காலை வெயில் வந்து தரையில் கோடு கோடாக விழும். உள்ளே நடுமுற்றம், அதில் ஒரு கிணறு, சுற்றிவர கொழுத்த தூண்கள். யாரோ ஒரு பெரிய குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் இப்போது நாலு குடும்பம் இருந்தோம். வேண்டிய இடத்தில் பலகைகளால் அடைத்து அறைகளைப் பிரித்திருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் அம்மா "நூறு" என்பார்.

வீட்டைக் கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. மேல்வீட்டு அன்ரி, ஒல்லாந்தர் காலத்தில் பாதிரிமார் இருந்த வீடு, அதனால்தான் பேய் இல்லை என்பார். வாடகை வாங்க வரும் மனுசன், வீட்டு முதலாளியின் பாட்டனார் அத்திவாரத்திலிருந்து கட்டியதென்று அடித்துச் சொல்வான். பின்கட்டில் இருந்த சிங்களத் தையற்காரர், நாங்கள் ரேலர் மாமா என்று கூப்பிடுபவர், தும்பும் கொப்பராவும் அடைத்த கிட்டங்கி இது, மழை நாளில் மணக்கிறதே தெரியவில்லையா என்பார். எல்லோரும் சரியாக இருக்க முடியாது. சுவரைக் கேட்டால் சுவர் சொல்லிவிடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது.

ஆனால் தனி ஆளாக ஒரு வீட்டை அளக்க முடியாது. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அந்த ஆள் மூன்று கிழமைக்குப் பிறகு வந்து சேர்ந்தார்.

அவர் பெரியம்மாவின் மகன். வயது இருபது. வடக்கிலிருந்து பல சோதனைச் சாவடிகளைத் தாண்டி, ஒரே ஒரு பையோடு வந்திருந்தார். பாஸ்போர்ட் எடுத்து, கனடாவில் இருந்த தமையனிடம் போக வேண்டும். அதற்கு முதல் கொழும்பில் பொலிஸ் பதிவு வேண்டும். அந்த நாட்களில் எங்கள் முன்கதவுக்குப் பின்னால், ஆணியில், பிளாஸ்ரிக் உறையில் ஒரு தாள் தொங்கும். வீட்டில் இரவு தங்குகிற எல்லோருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும், கீழே முத்திரை இருக்க வேண்டும். சாமிப் படத்தைவிட அந்தத் தாளைத்தான் அம்மா அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். அண்ணாவின் பெயரைச் சேர்க்க அப்பா விண்ணப்பம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் வாங்கி வந்தார். முத்திரை வரவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போய்க் கேட்பார், நாளைக்கு வரச் சொல்வார்கள். அதுவரை அண்ணா வெளியே இறங்கக் கூடாது, தெருச் சன்னலில் நிற்கக் கூடாது, சத்தமாகக் கதைக்கவும் கூடாது.

அதாவது, வீட்டைவிட்டு எங்கும் போக முடியாத, கணிதம் படித்த, உயரமான ஓர் உதவியாளர். எனக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

ரேலர் மாமாவிடம் அளவு நாடாவை இரவல் கேட்டேன். "ப்ளவுஸ் தைக்கப் போறதா?" என்றார். வீட்டை அளக்கப் போவதாகச் சொன்னேன். கழுத்திலிருந்து கழற்றித் தந்து, "வீட்டுக்கு இடுப்பு அளவு எடுக்கும்போது கொஞ்சம் லூசா பிடி மகள், வயசான வீடு," என்றார்.

அது ஐந்தடி நாடா. ஐந்தடிக்கு ஒருமுறை சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எண்ணை எழுதி, அங்கிருந்து அடுத்த ஐந்தடி. சுவரின் தடிப்பைக் கதவு நிலையில் வைத்து எடுத்தோம். நான் நாடாவின் பித்தளை முனையைப் பிடித்துக்கொண்டு கட்டளை போடுவேன். அண்ணா மறுமுனையில் குந்தியிருந்து வாசித்து எழுதுவார். எழுதும் வேலை அவருக்கு வந்ததற்குக் காரணம் என் கையெழுத்து. அதைக் கோழி கிளறியது என்று சொன்ன ரீச்சரும் உண்டு. அவருடைய எழுத்தோ அச்சு. ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு, நாலின் மூலை ஸ்கேல் வைத்ததுபோல. இராத்திரிகளில் கொப்பியின் பின்பக்கத்தில் அந்த ஏழை எழுதிப் பழகினேன்.

நாலைந்து நாளில் வீடு வாயைத் திறந்தது. அதில் மூன்று தடிப்பில் சுவர் இருந்தது. முன்னறை, நடு அறையின் இடது பாதி, முற்றத்துத் தூண்கள் எல்லாம் பெரிய கல். சுவர் இரண்டடி நாலு அங்குலம். நடு அறையின் மற்றப் பாதி, பின்கட்டு, மாடி முழுவதும் செங்கல், ஒன்பது அங்குலம். மிச்சம் பலகை, ஒரு அங்குலம். ஒல்லாந்தன் மாதிரித் தடிப்பாகக் கட்டியவன் ஒருவன். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில், துறைமுகத்தில் கப்பல் கூடிய பிறகு, காசும் அவசரமும் உள்ள யாரோ ஒரு வியாபாரி வந்து பின்னாலும் மேலேயும் மெல்லிசாகக் கட்டிச் சேர்த்திருக்கிறான். அவனுக்கும் பிறகு வந்தவர்கள் நாங்கள். ஆக எல்லோருடைய கதையிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. வீட்டின் வயது அதன் தடிப்பில் இருக்கிறது என்று அண்ணாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப நாங்கள் ஒரு அங்குலக் காலத்து ஆக்கள்," என்றார் அவர்.

அவருக்கும் வீட்டில் ஆசை பிறந்துவிட்டது என்று நினைத்தேன். வந்த அன்றே சன்னலோரம் போட்டிருந்த கான்வஸ் கட்டிலைத் தூக்கி, கல்சுவரின் அடியில் போட்டுக்கொண்டவர் அவர். அந்தச் சுவர் குளிர்ச்சி என்று கண்டுபிடித்திருக்கிறார் என்று நான் மெச்சினேன். பின்மதிலின் உயரம் என்ன, அந்தப் பக்கத்து ஒழுங்கை எங்கே போய் முடியும் என்று அவராகவே கேட்டார். முற்றத்தை விடப் பின்மதில் முக்கியமா என்று எனக்கு எரிச்சல், ஆனாலும் அளந்து கொடுத்தேன். ஒரே ஒரு குறைதான் அவரில். தெருவில் ஏதாவது வாகனம் வந்து நின்றால் போதும், நாடாவின் மறுமுனை தொய்ந்துவிடும். சில நேரம் பின்னிழுத்துக்கொண்டு வந்து என் கையில் அடிக்கும். அளவு பிழைத்துப் போகும். மீண்டும் தொடக்கத்திலிருந்து.

"இறுக்கிப் பிடியுங்கோ அண்ணா."

"சரி இஞ்சினியர் அம்மா," என்பார். அவர் உதடு காய்ந்திருக்கும்.

அம்மா இதை முதலிலிருந்தே விரும்பவில்லை. சுவரெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறாய், ஆராவது வந்து கேட்டால் என்ன சொல்கிறது என்பார். வந்தவர்களுக்குச் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது.

படத்தை, அப்பாவின் அலுவலகத்தில் கொடுத்த பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்தோம். பெரிய, வழுவழுப்பான தாள். முன்பக்கத்தில் நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பல். பின்பக்கத்தில் எங்கள் வீடு, அடிக்குக் கால் அங்குலம். சுவர்களை நான் ஸ்கேல் வைத்துக் கீறினேன். எழுத்தும் எண்ணும் அண்ணா, எல்லாம் ஆங்கிலத்தில். பெரிய படங்களில் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். முடிந்ததும் தூர வைத்துப் பார்த்தோம். ஒன்று குறைந்தது. வரைபடம் என்றால் திசை காட்டும் அம்பு வேண்டும் என்று சமூகக் கல்வி ரீச்சர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இரண்டு புள்ளி குறையும்.

"வடக்கைப் போட்டுவிடு," என்றார் அண்ணா.

"வடக்கு எங்க இருக்கு?"

அவர் யோசிக்கவே இல்லை. சமையலறைப் பக்கத்து மூலையை நோக்கிக் கையை நீட்டினார்.

"கொம்பஸ் இல்லாமல் எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

இது விஞ்ஞானமல்ல என்று சொல்லி மறுத்தேன். எங்கள் வீட்டில் வடக்கு தெற்கு என்று யாரும் சொன்னதும் கிடையாது. கோயில் பக்கம், துறைமுகப் பக்கம், அவ்வளவுதான். துறைமுகப் பக்கச் சன்னலைச் சாத்து, உப்புக் காற்று என்பார் அம்மா. வடக்கை நான் கண்ணால் கண்டதில்லை, துறைமுகத்தைக் கண்டிருந்தேன். அதற்கு எவ்வளவு தூரம் என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவோடு ஒரு சனிக்கிழமை நடந்து போனபோது எங்கள் வாசல்படியிலிருந்து துறைமுக மதில்வரை ஒவ்வொரு காலடியாக எண்ணிக்கொண்டு போனேன். வழியில் அப்பா கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. ஏதோ கோபம் என்று எனக்கு ஐஸ் பழம் வாங்கித் தந்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஆயிரத்து நூற்று நாற்பது காலடி.

அண்ணா குளிக்கப் போன நேரத்தில் படத்தின் ஓரத்தில் ஒரு நீள அம்பு கீறினேன். அதன் மேல் ஆங்கிலத்தில், துறைமுகம், 1140 காலடி. என் கோழிக்கிறுக்கலால் படம் அசிங்கமாகிவிடக் கூடாதே என்று, இரண்டு கிழமையாகப் பழகிய அவருடைய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தையும் மூச்சைப் பிடித்து எழுதினேன். அவருடைய எழுத்தேதான். நானே ஏமாந்து போகும் அளவுக்கு.

அவர்கள் அடுத்த சனிக்கிழமை வந்தார்கள். பகல் ஒரு மணி இருக்கும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அண்ணா மட்டும் முடித்து, கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வாகனம் நின்ற சத்தம். அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. கதவைத் தட்டியது பலமாக இல்லை. நாலு பேர். ஒருவர் அதிகாரி, நடுத்தர வயது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். அவர் அதட்டவில்லை. அந்த அமைதியைக் கண்டு அப்பா ஏன் இன்னும் வியர்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆணியிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று பெயர். எதிரே நாலு பேர். அண்ணா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு அடையாள அட்டையையும் விண்ணப்பத் துண்டையும் நீட்டினார். அப்பா, இருபத்தைந்து வருடக் கிளார்க் வேலையில் சேர்த்த சிங்களம் முழுவதையும் கூட்டி, மாத்தயா, விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், தினமும் வந்து கேட்கிறேன் என்றார். அதிகாரி துண்டைத் திருப்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார். துண்டைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியும்விட்டார். அதோடு போயிருப்பார்கள் என்று அப்பா பிறகு பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் கதவை அசைத்துப் பின்னால் பார்த்தான். முழங்கால் உயரத்தில் பென்சில் கோடு. பக்கத்தில் 5. பிறகு 10. பிறகு 15. எறும்பு வரிசையைத் தொடர்வதுபோல அவன் குனிந்தபடியே முன்னறை, நடு அறை, முற்றம் என்று போய், பின்மதில்வரை போய்த் திரும்பி வந்து, அதிகாரியின் காதில் சொன்னான்.

இது என்ன என்று அவர் கேட்டது அப்பாவை. பதில் சொன்னது நான். பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில், பிழையில்லாமல், நான் வீட்டை அளந்தேன், படம் இருக்கிறது, காட்டட்டுமா என்றேன். அம்மா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். நான் கழன்று ஓடி, கலண்டர் தாளை எடுத்து வந்தேன்.

அவர் பருப்புச் சட்டியை நகர்த்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தார். சுருண்டுகொண்ட மூலைகளில் ஒன்றில் தன் தொப்பியையும் மற்றதில் அப்பாவின் மூக்குக் கண்ணாடியையும் வைத்தார். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடிப்பு, மூன்று காலம், கல்லும் செங்கல்லும் சந்திக்கும் தையல், தூண்கள், கதவுக்கு மேலுள்ள விசிறி. அவர் உண்மையாகவே கேட்டார். தெற்கே தன் அம்மாவின் வீட்டிலும் கதவுக்கு மேல் இப்படி ஒரு விசிறி உண்டு, சின்ன வயதில் அதில் குருவி கூடு கட்டும் என்றார். இவர் நம்மவர் என்று முடிவு செய்தேன். பயந்துபோய் நின்ற மூன்று பெரியவர்களையும் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அவருடைய விரல் படத்தின் ஓரத்துக்குப் போய் நின்றது.

"இது?"

துறைமுகம் என்றேன். தூரமும் போட்டிருக்கிறேன், நானே எண்ணியது.

அவர் தாளைத் திருப்பினார். கப்பல். மறுபடி திருப்பினார். அம்பு. அண்ணாவைப் பார்த்து, எண்களை எழுதியது யார் என்று கேட்டார். அறைகளின் அளவெல்லாம் நான் எழுதியது என்றார் அண்ணா, அரைகுறை ஆங்கிலத்தில். அம்பைப் பார்த்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. அதை அவர் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார்.

"அது நான் எழுதினது," என்றேன்.

அதிகாரி தன் பொக்கெற் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவை என் கையில் தந்தார். மிகவும் மெதுவாகச் சொன்னார். துவ, மகளே, இதை அப்படியே எழுது பார்ப்போம்.

எழுதினேன். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் எழுத்து உடைந்த ஏணிபோல வந்தது. நாலு, கதிரை கவிழ்ந்ததுபோல. இன்னொருமுறை என்றார். எழுதினேன், கோழி. மூன்றாவது முறை பேனா தாளைக் குத்திக் கிழித்தது. அண்ணாவின் எழுத்தைப் பார்த்துப் பழகி எழுதினேன், இப்போது வரவில்லை என்று சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி என் மூன்று வரிகளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மூலை சுருண்டது.

அப்பாவும் பிள்ளையும் நிலையத்துக்கு வர வேண்டும், அந்தப் பையனும்தான் என்றார்.

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல்லல்ல.

"அவள் சின்னப்பிள்ளை," என்றார் அண்ணா. "அது நான் எழுதினதுதான். என்னைக் காப்பாத்தத்தான் அவள் அப்பிடிச் சொல்றாள். இவையளுக்கு ஒண்டும் தெரியாது." சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்திலும் திரும்பச் சொன்னார்.

எனக்கு அப்போது வந்தது பயமல்ல, கோபம். அம்பு என்னுடையது. எண்ணியது நான். ஐஸ் பழம் கையில் உருகி வழிய வழிய எண்ணியது. "பொய், அது என்ட," என்று தமிழில் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினார். அவருடைய விரல்களில் பருப்பு மணத்தது. அண்ணா செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வாகனம் வந்தால் நாடாவை விட்டுவிட்டு நிற்பாரே, அதே முகத்தோடு. படத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரம் அம்மா ஈரத் துணியோடு வீடு முழுவதும் முழங்காலில் ஊர்ந்து, ஒரு கோடு விடாமல் அழித்தார். அழியாத இடத்தில் சுண்ணாம்பு பூசினார். அதற்குப் பிறகு பதினாறு நாள் அப்பா ஒவ்வொரு காலையும் வேலைக்கு முன் நிலையத்து வாசலில் நின்றார். மூன்றாம் நாள் ரேலர் மாமாவும் கூடப் போனார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே போய், இதுதான் அந்த நாடா, என் கையால் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன், வீட்டுக்கு இடுப்பு அளவு எடுக்கத்தான் கேட்டது என்று சொல்லியிருக்கிறார். வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். மேல்வீட்டு அன்ரி தெரிந்த எல்லோருக்கும் போன் எடுத்தார். எங்கள் கதவில் யாரும் தட்டவில்லை, ஆனாலும் பகலில்கூட நாங்கள் மெதுவாகத்தான் கதைத்தோம். ஒரு அங்குலப் பலகைக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான். தும்மல்கூடக் கேட்கவில்லை.

பதினேழாம் நாள் அண்ணா வந்தார். மெலிந்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது; மற்றப்படி அதே அண்ணா என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா கொடுத்த தேத்தண்ணியை இடது கையால் வாங்கினார். நான் எங்கே பிழை விட்டேன் என்று ஓரளவு எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள், அதனால் பக்கத்தில் போகப் பயந்து தூணின் பின்னால் நின்றேன். அவர்தான் கூப்பிட்டார்.

"என்ன இஞ்சினியர் அம்மா, கிணற்றின்ட சுற்றளவு எடுக்கேல்லையே நாங்கள்."

நிலையத்தில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

ஒரு கிழமையில் முத்திரையும் வந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அப்பாவே நிரப்பினார். கையெழுத்து மட்டும் அண்ணா போட வேண்டும். மேசையில், முன்பு படத்தை விரித்த அதே இடத்தில், அவர் பேனாவைப் பிடித்து நீண்ட நேரம் குனிந்திருந்தார். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கோடு கோணலாக, பேனா இரண்டு இடத்தில் தாளைக் குத்தியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"அண்ணா, உங்கட எழுத்து இப்ப என்ட எழுத்து மாதிரி."

அப்பா எழுந்து முற்றத்துப் பக்கம் போனார். அண்ணா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"ஓம். இனி ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது."

என்னை மன்னித்துவிட்டார், என் மனம் ஆறுவதற்காக வேண்டுமென்றே அப்படி எழுதிக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பரிசை யாரும் எனக்குத் தந்ததில்லை என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அவருடைய வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் புறப்பட்டுப் போகும்வரை இன்னும் இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம், நானாகவும் பார்க்கவில்லை. நான் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கட்டடக்கலை படிக்கிறேன். சண்டை முடிந்துவிட்டது. முதலாம் வருடம் முதல் பாடமே கையால் அழகாக எழுத்துப் போடுவது. அந்தக் குறுக்குக் கோடு போட்ட ஏழை எழுதப் போய், வகுப்பின் நடுவில் பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றுதான் அண்ணாவின் எழுத்து ஏன் மாறியது என்று அம்மாவிடம் கேட்டேன், நிலையத்தில் அந்த விரல்களை முறித்ததைச் சொன்னார். கட்டிலைக் கல்சுவருக்கு நகர்த்தியது ஏன், பின்மதிலின் உயரம் எதற்கு, அதிகாரி தொப்பியைப் போட்டதும் அண்ணா வாய் திறந்தது ஏன், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. நாங்கள் இருவரும் ஒரே நாடாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு வேறு வீடுகளை அளந்திருக்கிறோம்.

வீட்டில் இப்போது யாரும் இல்லை. பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். பல்கனி விழுந்துவிடும் என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். இடிக்க முதல் ஒரு தரம் அளந்து வரைய முதலாளியின் மகனிடம் கெஞ்சி, எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். பொலிசிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன், பழக்கம் போகாது. போன கிழமை உள்ளே போய்ப் பார்த்தேன். மாடிப்படியின் அடியில், அம்மாவின் துணி எட்டாத மூலையில், ஒரு பென்சில் கோடும் அதன் பக்கத்தில் 75 என்ற எண்ணும், ஏழில் அந்தக் குறுக்குக் கோட்டோடு, அப்படியே இருக்கின்றன.

அண்ணா அடுத்த மாதம் வருகிறார், பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தரம். ஐம்பதடி இரும்பு நாடா வாங்கி வைத்திருக்கிறேன். அவர் சம்மதிப்பாரா தெரியாது, ஆனாலும் கேட்கப் போகிறேன். கிணற்றடியில் தொடங்கலாம். ஒரு முனையை நான் பிடிக்கிறேன். கொம்பஸ் கொண்டு போவதாக இல்லை. வடக்கு எங்கே என்று அவர் காட்டட்டும், அங்கே அம்பைப் போடுகிறேன். எண்களையும் அவர்தான் எழுத வேண்டும். எப்படி வந்தாலும் சரி, நான் ஒன்றையும் திருத்தி எழுத மாட்டேன்.